புற்றுநோய் மருந்தும் தாவரச் சத்துகளும்



வாழைப்பூவை ஆய்ந்து நறுக்கும் தாய்மார்கள், நறுக்கிய பூவை உடனே மோர் கலந்த நீரில் இடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஏன் என்று கேட்டால், "இல்லாவிட்டால் கறுத்துப் போய்விடும்" என்பார்கள். காற்றிலுள்ள ஆக்ஸிஜன், பூவிலுள்ள சில பொருள்களோடு கூடுவதனால் அக்கருநிறம் தோன்றுகிறது. மோரின் புளிப்பு அச்செயலைத் தாமதப்படுத்துகிறது. இரும்பு துருப்பிடிப்பதும், நாட்பட்ட எண்ணெய் காறல் அடைவதும் இவ்வினத்தைச் சேர்ந்த மாற்றங்களே. வேதியியலார் இதனை ஆக்ஸிகரணம் என்பர்.

நம் உடலுக்குள்ளும் இச்செயல் இடையறாது நடைபெறுகிறது. உண்ட உணவை ஆக்ஸிஜனோடு கூட்டியே உடல் தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெறுகிறது. அடுப்பு எரியும்போது சில பொறிகள் வெளியே தெறிப்பது போல, இவ்வேலையின் போதும் சில துணுக்குகள் தெறித்து எழுகின்றன. இணையற்ற எலக்ட்ரான் ஒன்றைத் தாங்கி, அண்டையில் உள்ள எதையும் தாக்கும் இயல்புடைய இவற்றைத் 'தனி உறுப்புகள்' என்பர். உயிரணுவின் சவ்வையும், அதன் கருவிலுள்ள மரபுப் பொருளையும் இவை தாக்கக்கூடும். முதுமைக்கே இவைதாம் காரணமாக இருக்கக்கூடும் என்று டென்ஹாம் ஹார்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 1956இல் ஒரு கொள்கையை வெளியிட்டார்.

இத்துணுக்குகளை அடக்கும் பொருள்கள் உடலிலேயே உண்டு. உணவின் வழியாகவும் வருகின்றன. நெல்லிக்கனியிலுள்ள வைட்டமின் சி, கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டின், வித்து எண்ணெய்களிலுள்ள வைட்டமின் ஈ, மஞ்சளிலுள்ள குர்க்குமின், பச்சைத் தேயிலையிலுள்ள கேட்டச்சின்கள் ஆகியவை இவ்வகையின. இவற்றை ஆக்ஸிகரணத் தடுப்புப் பொருள்கள் என்று குறிப்பிடுவோம். கடைகளில் இவை 'ஆண்டி ஆக்ஸிடண்டு' என்னும் பெயரோடு, செறிவான மாத்திரைகளாக விற்கப்படுகின்றன.

இன்று நாம் ஆராய இருக்கும் வினா இதுதான். புற்றுநோய்க்குக் கீமோதெரபி எனப்படும் இரசாயன மருந்துச் சிகிச்சை பெறும் ஒருவர், அம்மருந்தோடு இத்தாவரச் சத்துகளையும் மிகுந்த அளவில் சேர்த்து உட்கொண்டால் நலம் விளையுமா, தீங்கு விளையுமா?

இவ்வினா எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. எட்டு ஆண்டுகளுக்கு முன் என் மனைவியின் மார்பில் ஒரு கட்டி தோன்றிற்று. அது புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் மருந்துச் சிகிச்சை தொடங்கினர். செந்நிறமான ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றினர். இரண்டாம் முறை முடிவதற்குள் தலைமயிர் உதிர்ந்தது, வாய் புண்ணாயிற்று, சோற்றைக் கண்டாலே குமட்டிற்று. பார்க்க வந்த உறவினர் ஒருவர் மஞ்சட்சத்து மாத்திரையும், பச்சைத் தேயிலைச் சாறு அடைத்த குளிகையும் வாங்கிவந்து, "இவை இயற்கைப் பொருள்கள், தீங்கு செய்யா" என்றார். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் கற்பித்த நானும் அதனை நம்பினேன். அடுத்த முறை மருத்துவர், "வீட்டில் வேறு ஏதேனும் உட்கொள்கிறாரா?" என்று கேட்டபோது, "ஒன்றுமில்லை" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணமன்று. மூலிகை மருந்தாகாது என்று கருதியதே காரணம். ஆனால் என் மனைவி பக்கத்திலிருந்து, "உண்டு, டாக்டர்" என்று சொல்லிக் கைப்பையிலிருந்து அக்குளிகைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. பெயர்களைக் குறித்துக்கொண்டு, "சிகிச்சை முடியும்வரை இவற்றை நிறுத்திவையுங்கள்" என்று மட்டும் கூறினார். ஏன் நிறுத்த வேண்டும் என்று அன்று நான் தேடத் தொடங்கியதன் பயனே இந்தப் பேச்சு.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். தாவரம் வேறு, மருந்து வேறு என்று பிரித்துப் பேசுவது பொருந்தாது. நம் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. அதன் இலைக் கஷாயத்தை ஜமெய்க்கா நாட்டு மக்கள் நீரிழிவுக்குக் குடித்துவந்தனர். அதனைச் சோதித்த கனடா நாட்டு அறிஞர்களான ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும், அச்செடி வெள்ளை அணுக்களைக் குறைப்பதைக் கண்டு, 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தனர். அச்செடியிலிருந்தே வின்கிரிஸ்டினும் கிடைத்தது. பசிபிக் கரையோரத்து யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்த டாக்ஸால் மருந்தின் அமைப்பை மன்ரோ வாலும் மன்சுக் வானியும் 1971இல் வெளியிட்டனர். ஆனால் இவை ஆக்ஸிகரணத்தைத் தடுப்பதனால் பயன்படுபவை அல்ல. பிளவுறும் உயிரணுவின் உள் இழைகளைப் பற்றி, அது இரண்டாகப் பிரிவதைத் தடுக்கும் நஞ்சுகள் இவை. எனவே, 'தாவரத்திலிருந்து வந்தது. ஆகவே மென்மையானது' என்னும் கூற்று முதற்படியிலேயே தவறிவிடுகிறது.

இனி, உடலுக்கு நல்லது நோய்க்கும் நல்லதாகிவிடலாம் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. கீரையில் உள்ள ஃபோலிக் அமிலம் இரத்தம் ஊறுவதற்கு இன்றியமையாதது. 1940களில் பாஸ்டன் நகரின் மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அதன் வகைப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, மாறாக விரைந்து பெருகுவது போலத் தோன்றிற்று. பிறரானால் அதனோடு கைவிட்டிருப்பர். ஃபார்பரோ, 'சத்து நோயை வளர்க்குமாயின், அச்சத்தைத் தடுப்பது நோயை ஒடுக்குமன்றோ?' என்று எண்ணினார். அதற்கு வேண்டிய மருந்தை அளித்தவர் நம் நாட்டவர். பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லப்பிரகட சுப்பாராவ் அவர்களே அவர். அவரது குழுவினர் ஆக்கிய அமினாப்டெரின் என்னும் மருந்தை ஏற்ற பதினாறு குழந்தைகளுள் பத்துப் பேரிடம் நோய் சில காலம் தணிந்ததை ஃபார்பர் 1948இல் அறிவித்தார். அவ்வாண்டிலேயே சுப்பாராவ் மறைந்தார். இன்றைய கீமோதெரபியின் தொடக்கங்களுள் அது ஒன்று. புற்றணு வேற்றுலகத்துப் பகையன்று. நம் உயிரணுவே நெறி தவறியது. ஆதலின் நம்மை ஊட்டுவது அதனையும் ஊட்டும். நம்மைக் காப்பது அதனையும் காக்கும். இன்றைய பேச்சின் மையக் கருத்து இதுவே.

கதிரியக்கச் சிகிச்சையின் வலிமையில் பெரும்பகுதி, முன்னே நான் கூறிய தனி உறுப்புகளை எழுப்பிப் புற்றணுவின் மரபுப் பொருளை உடைப்பதில் உள்ளது. என் மனைவிக்குத் தந்த செந்நிற மருந்தாகிய டாக்ஸோரூபிசினும் ஓரளவு அவ்வழியைக் கையாளுகிறது. வேறு சில மருந்துகள் மரபுப் பொருளோடு நேரே பிணைந்து அதனைக் கெடுக்கின்றன. அப்படியானால், மருந்து நெருப்பை மூட்டும் வேளையில் நாம் ஒரு கையால் நீர் ஊற்றினால் என்ன ஆகும்? இவ்வச்சம் நியாயமானதே. ஆனால் மறுபுறத்தாரும் சும்மா இருக்கவில்லை. 'டாக்ஸோரூபிசின் இதயத்தைக் கெடுப்பதும் அத்தனி உறுப்புகளாலன்றோ? தடுப்புப் பொருள் தந்தால் இதயம் காக்கப்படுமே' என்றனர். இரண்டு வாதங்களும் கேட்பதற்குப் பொருத்தமாகவே உள்ளன. பொருத்தமான இரு வாதங்கள் எதிரெதிரே நிற்கும்போது விஞ்ஞானம் செய்யக்கூடியது ஒன்றே: சோதனை.

சோதனைகள் கூறியவற்றைக் கேளுங்கள்.

பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு ஒரு பெரிய ஆராய்ச்சி நடைபெற்றது. பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்பது எதிர்பார்ப்பு. 1994இல் முடிவு வெளியாயிற்று. பீட்டா கரோட்டின் உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் மிகுந்திருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏயையும் சேர்த்துத் தந்து நடத்திய ஆராய்ச்சியில் 28 சதவீதம் மிகுந்தது. தீங்கு தெரிந்தவுடன் 1996 ஜனவரியில் அதனை இடையிலேயே நிறுத்திவிட்டனர். காய்கறி மிகுதியாக உண்போரிடம் அந்நோய் குறைவு என்பது முன்பே தெரிந்த செய்தி. ஆனால் காயில் உள்ள ஒரு பொருளைத் தனியே பிரித்துப் பன்மடங்கு செறிவாக உண்பது காயை உண்பதற்கு ஒப்பாகாது என்பது அன்று விளங்கிற்று.

இவை நோய் வருமுன் தந்தவை. சிகிச்சையின்போது தந்தால்? கனடாவின் கியூபெக் மாநிலத்தில், தலை கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை பெற்ற 540 பேரிடம் சோதித்தனர். ஒரு சாராருக்கு வைட்டமின் ஈயும், தொடக்கத்தில் சிலருக்குப் பீட்டா கரோட்டினும் தந்தனர். மறு சாராருக்குச் சத்தற்ற போலி மாத்திரை தந்தனர். 2005இல் வெளியான முடிவு சிந்திக்கத் தக்கது. மாத்திரை உண்டவர்களுக்குச் சிகிச்சையின் கடுமையான பக்க விளைவுகள் குறைந்தன. வாய்ப்புண் வேதனை தணிந்தது உண்மை. ஆனால் அதே இடத்தில் நோய் மீளும் போக்கு அவர்களிடம் சற்று மிகுந்து காணப்பட்டது. பின்னர்த் தொடர்ந்து கணக்கெடுத்தபோது, இறப்பும் அவர்களிடமே மிகுதி என்று தெரிந்தது. நோயாளியும் அவரைச் சுற்றி நிற்போரும் காண்பது வேதனை தணிந்ததைத்தான். ஆண்டுகள் கழித்து வரும் இழப்பு அம்மாத்திரையின் கணக்கில் எழுதப்படுவதேயில்லை. கேடயம் நல்ல அணுவையும் காத்தது. தீய அணுவையும் காத்தது.

பச்சைத் தேயிலையின் கதை இன்னும் வியப்புக்குரியது. எலும்பு மச்சையில் தோன்றும் ஒரு வகைப் புற்றுநோய்க்கு போர்ட்டிசோமிப் என்னும் மருந்து 2003ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுகிறது. அதன் மூலக்கூறில் போரான் உண்டு. தேயிலைச் சத்து அம்மருந்துக்குத் துணைபுரியும் என்னும் நம்பிக்கையோடு கலிபோர்னியாவில் உள்ள ஆராய்ச்சியாளர் சோதனையைத் தொடங்கினர். 2009இல் அவர்கள் வெளியிட்ட முடிவு நேர்மாறானது. தேயிலையின் தலைமைச் சத்து அப்போரான் பகுதியை நேரே பற்றிக்கொண்டு, மருந்தைச் செயலற்றதாக்கிவிட்டது. எலிகளின் கட்டிகள் மருந்து ஏற்றியும் தப்பிப் பிழைத்தன. இங்கே ஆக்ஸிகரணம் என்பதே காரணமன்று. இரண்டு மூலக்கூறுகள் பிணைந்துகொண்டன, அவ்வளவே. பெயரை வைத்து ஊகிப்பது எத்துணைப் பேதைமை என்பதற்கு இது நல்ல பாடம். தம் எதிர்பார்ப்புக்கு மாறான முடிவை மறைக்காமல் வெளியிட்ட அவ்வாராய்ச்சியாளரின் நேர்மையையும் நாம் போற்ற வேண்டும்.

மஞ்சளைப் பற்றி இரு செய்திகள் உண்டு. 2002இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், குர்க்குமின் மார்பகப் புற்றணுக்களைச் சில மருந்துகளின் தாக்குதலிலிருந்து காத்தது. அதற்கு மாறாக, ஆர்மீனியாவில் முற்றிய மார்பகப் புற்றுநோய் கண்ட 150 பெண்களிடம், பாக்லிடாக்ஸெல் மருந்தோடு குர்க்குமினை நரம்பு வழி ஏற்றியபோது, கட்டி சுருங்கியவர் தொகை மிகுந்ததாக 2020இல் அறிவித்தனர். இது நம்பிக்கை தரும் செய்தியே. ஆயினும் நரம்பில் ஏற்றியது வேறு, வாயால் உண்பது வேறு. வாயால் உண்ணும் குர்க்குமினில் இரத்தத்தைச் சென்று சேர்வது மிகச் சிறிதே.

வைட்டமின் சியின் வரலாறும் இத்தகையதே. இருமுறை நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், ஸ்காட்லாந்து மருத்துவர் ஈவன் கேமரனோடு கூடி, 1976இல் அது புற்றுநோயாளரின் வாழ்நாளை நீட்டிக்கிறது என்று எழுதினார். அவர்கள் ஒப்பிட்டது பழைய ஏடுகளில் இருந்த நோயாளிகளோடு. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையினர் போலி மாத்திரையோடு ஒப்பிட்டு முறையாகச் சோதித்தபோது, 1979இலும் 1985இலும் ஒரு பயனும் காணவில்லை. பின்னர், வாயால் உண்ணும் அளவு வேறு, நரம்பில் ஏற்றும் பேரளவு வேறு என்பது தெளிந்தது. பேரளவில் அது ஆக்ஸிகரணத்தைத் தடுப்பதை விட்டு, ஹைட்ரஜன் பெராக்ஸைடைத் தோற்றுவித்து, தானே தாக்கும் பொருளாக மாறுகிறது. சீனாவில் பெருங்குடல் புற்றுநோயாளர் 442 பேரிடம் மருந்தோடு அதனைச் சேர்த்த ஆராய்ச்சி, பொதுவாகப் பயனில்லை என்று 2022இல் கூறிற்று. அமெரிக்காவின் அயோவாவில் கணையப் புற்றுநோயாளர் 34 பேரிடம் நடந்த ஆராய்ச்சியோ, வாழ்நாள் எட்டு மாதத்திலிருந்து பதினாறு மாதமாக நீண்டது என்று 2024இல் கூறிற்று. முப்பத்து நான்கு பேர் என்பது சிறு தொகை. பெருந்தொகையினரிடம் சோதித்த பின்னரே உறுதி கூற இயலும்.

அப்படியாயின் காக்கும் பொருளையும் தாக்கும் பொருளையும் சேர்த்து வழங்கவே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கூடும். மருத்துவர் நாள்தோறும் செய்கின்றனர்; ஆனால் காலமும் அளவும் அறிந்து செய்கின்றனர். மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மருந்தைப் பேரளவில் ஏற்றி, ஏறத்தாழ ஒரு நாள் கழித்து ஃபோலினிக் அமிலத்தைத் தந்து நல்ல அணுக்களை மீட்கும் முறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. முன்னதாகத் தந்தால் மருந்து வீணாகும். மிகப் பிந்தித் தந்தால் நோயாளிக்கு ஆபத்து. டாக்ஸோரூபிசினிலிருந்து இதயத்தைக் காக்க டெக்ஸ்ராசாக்ஸேன் என்னும் பொருள் உண்டு. ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பது கலை. கண்டதைக் கலப்பது ஆபத்து.

ஆகவே இன்று மருத்துவர் பெரும்பாலோர் கூறும் அறிவுரை எளிது. கீமோதெரபியும் கதிரியக்கமும் நடைபெறும் காலத்தில், செறிவான தடுப்பு மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ளற்க. பச்சைத் தேயிலைச் சாறும் மஞ்சட்சத்தும் செறிந்த மாத்திரைகள் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கியதும் உண்டு. குழம்பில் இடும் மஞ்சளுக்கும், வழக்கமாக உண்ணும் காய்கனிகளுக்கும் இது பொருந்தாது. மருத்துவர் விலக்கினாலன்றி நோயாளி நன்றாக உண்ண வேண்டும். எதை உட்கொண்டாலும் மருத்துவரிடம் மறைக்கலாகாது.

மாணவர்களே, நாளை உங்கள் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ ஒருவர் நோயுறும்போது, 'இது கைகண்ட மருந்து' என்று யாரேனும் ஒன்றைக் கொண்டுவருவர். அவர் அன்பினால் வருபவர்; அவரை இகழாதீர்கள். ஆனால் மூன்று கேள்விகளை மனத்தில் கேளுங்கள். இது எதனிடம் சோதிக்கப்பட்டது: கண்ணாடிக் கிண்ணத்திலா, எலியிடமா, மனிதரிடமா? எத்தனை பேரிடம், யாரோடு ஒப்பிட்டு? அளந்தது எதனை: சில நாள் நலத்தையா, வாழ்நாளையா? இம்மூன்றுக்கும் விடை தேடப் பழகினால், நீங்கள் பயின்ற விஞ்ஞானம் தேர்வுத்தாளோடு முடிந்துவிடவில்லை என்று பொருள்.

என் மனைவி இன்று நலமாக இருக்கிறாள். மாத்திரையை நிறுத்தியதனால்தான் பிழைத்தாள் என்று நான் உங்களிடம் கூறினால், மேற்சொன்ன கேள்விகளை நானே மறந்தவன் ஆவேன். ஒருவர் கதை சான்றாகாது. நிறுத்தாமல் இருந்திருந்தாலும் பிழைத்திருக்கலாம்; நிறுத்தியும் பிழைக்காமல் போயிருக்கலாம். ஒன்று மட்டும் உறுதியாகக் கூறுவேன். கற்பித்தவன் மறைத்ததை, கல்லூரி வாசலை மிதியாத அவள் மேசைமேல் எடுத்து வைத்தாள். உண்மையை உரியவரிடம் உரிய காலத்தில் சொல்வதே மருத்துவத்துக்கு முதல் உதவி என்பதை அன்று அவளிடம் நான் கற்றேன்.